அட்டாலியில் இருந்த இரண்டு மூட்டை

அக்கா,

பத்துக் கிழங்கு பொறுக்கி முறத்தில் போட்டிருக்கிறேன். அந்த முறத்தை மடியில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். சம்பங்கிக் கிழங்குக்கு என்று தனியாக ஒரு வாசம் உண்டு, உங்களுக்குத் தெரியும். பூவின் வாசம் அல்ல. நனைந்த சாக்கும் உரித்த வெங்காயமும் செம்மண்ணும் கலந்தது மாதிரி ஒன்று. பூவின் வாசத்தைப் பற்றி ஊரே பேசும். கிழங்கின் வாசம் தெரிந்தவர்கள் இந்த வீட்டில் இரண்டு பேர்தான் இருந்தோம், இப்போது நான் மட்டும்.

கிழங்கு கேட்டது உங்கள் மகள் சுதா. நேற்றுப் பொழுது சாயும் நேரத்தில் ஓசூரிலிருந்து போன் செய்தாள். "சின்னம்மா, தோட்டத்துல கெழங்கு தோண்டிட்டீங்கன்னு சித்தப்பா வாட்ஸ்அப்புல போட்டாருங்க. எனக்கு ஒரு பத்து வேணுமுங்க. பால்கனித் தொட்டியில நடலாம்னு இருக்கறேன்" என்றாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தொட்டி எவ்வளவு பெரியது, வெயில் எந்தப் பக்கம் விழும் என்று கேட்டுக்கொண்டே போனேன். இரண்டு மூன்று கேள்விக்குப் பதில் சொன்னாள். அப்புறம் குரலை உயர்த்தாமல், சமையல் குறிப்பு சொல்கிற மாதிரி சொன்னாள்: "எங்கம்மா என்னைய உட்டுப்போட்டு இதைத்தானே கட்டிக்கிட்டுக் கெடந்துச்சு. அப்படி இதுல என்னதான் இருக்குதுன்னு நானும் வளத்துப் பாக்கறேனுங்க."

"சரி கண்ணு, கொடுத்துடறேன்" என்று போனை வைத்துவிட்டேன். உங்கள் மகள் சொல்கிற அந்தப் பூவை நட்டது நீங்கள் இல்லை, நான். அது அவளுக்குத் தெரியாது. நான்கு வருஷமாக நான் சொல்லவில்லை.

இந்தக் கடிதம் வேறு கைக்குப் போனாலும் புரிய வேண்டும் என்பதால், உங்களுக்குத் தெரிந்த கதையையே கொஞ்சம் திரும்பச் சொல்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். மின்சார ஆபீசுக்கு நான் எழுதிய மனுவைப் பார்த்துவிட்டு, "நீ எழுதுனா கலெக்டருக்கே கண்ணு கலங்கிரும் சாமி, கரெண்டு மட்டும் வராது" என்று கேலி செய்தவர் நீங்கள்தான்.

நாம் ஓரகத்திகள். அண்ணனைக் கட்டிக்கொண்டு நீங்களும், ஏழு வருஷம் கழித்துத் தம்பியைக் கட்டிக்கொண்டு நானும், மல்லசமுத்திரத்துக்கும் ஆட்டையாம்பட்டிக்கும் நடுவில் இருக்கும் இந்தத் தோட்டத்து வீட்டுக்கு வந்தோம். ஆண்கள் இரண்டு பேரும் போர் போடும் ரிக் வண்டியில் வடக்கே போய்விடுவார்கள். மழைக்காலத்தில் வந்து இரண்டு மாதம் தூங்கிவிட்டு மறுபடி வண்டி ஏறுவார்கள். ஊரான் நிலத்தில் ஆயிரம் அடி துளைக்கிறவர்களுக்குச் சொந்த நிலத்தில் ஒரு முழம் கொத்த நேரம் இல்லை என்று சொல்லிச் சிரிப்பீர்கள். ஒரு வருஷம் அப்படிப் போன உங்கள் வீட்டுக்காரர் பெட்டியில்தான் திரும்பி வந்தார். சுதா அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பிள்ளை இல்லை. அந்தப் பேச்சை ஒரு வரிக்கு மேல் யாரையும் நீங்கள் பேச விட்டதில்லை என்பதால் நானும் ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கிறேன். சுதாவுக்குத் தலை பின்னியது நீங்கள், பேன் பார்த்தது நான்.

அடுத்த வருஷம் சம்பங்கி வைத்தோம். ஆண்துணை இல்லாமல் இரண்டு பெண்கள் பார்க்கக்கூடிய வெள்ளாமை, ஒரு தடவை நட்டால் நாலு வருஷம் அப்படியே கிடக்கும் என்றார்கள். நாலு வருஷம் கிடக்கப்போவது நாம்தான் என்று ஒருவரும் சொல்லவில்லை.

மல்லிகையாவது பனிக்காலத்தில் கொஞ்சம் மூச்சு விட வைக்கும். சம்பங்கி பனியிலும் பூத்தது, கோடையில் இன்னும் கொழுத்துப் பூத்தது. விடிவதற்குள் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு மொட்டாகப் பறித்துவிட வேண்டும். ஏழு மணிக்கு சேலம் பூ மார்க்கெட்டுக்குப் போகிற மினி வேன் வந்து ஹாரன் அடிக்கும். இன்றைக்குப் பறிக்காததை நாளைக்குப் பறிக்க முடியாது, விரிந்த பூவை மாலை கட்டுகிறவர் தொட மாட்டார். மாடு வைத்திருக்கிறவள்கூட பக்கத்துத் தோட்டத்தில் கயிற்றைக் கொடுத்துவிட்டு ஒரு நாள் எங்காவது போகலாம். செடியை யார் வீட்டில் கொண்டுபோய்க் கட்டுவது? "ஒருத்தி போனா ஒருத்தி இருக்கோணும்" என்று நீங்கள் சொன்னது வீட்டுச் சட்டமாகிவிட்டது.

இத்தனை வருஷத்தில் நாம் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் ஏறியதில்லை. சொந்தக்காரர்களின் கல்யாண ஆல்பத்தைப் புரட்டினால் ஒன்றில் நீங்கள் இருப்பீர்கள், அடுத்ததில் நான் இருப்பேன். இரண்டு பேர் உடம்பிலும் அதே பச்சைப் பட்டு இருக்கும். ஒரே நேரத்தில் இரண்டு பேரும் வெளியே போகப்போவதில்லை என்று தெரிந்த பிறகு எதற்கு இரண்டு பட்டு? சுதா கல்யாணத்துக்கே முகூர்த்தம் ஆறு மணிக்கு. நான் பறித்து, கட்டி, வேனில் ஏற்றிவிட்டுத் திருச்செங்கோட்டு மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது இரண்டாம் பந்தி நடந்துகொண்டிருந்தது. தாலி கட்டியதை மறுநாள் பறிக்கும்போது எதிர்ப் பாத்தியிலிருந்து நீங்கள் சொல்லித்தான் கேட்டேன். நாத்தனார் மூன்றாவது முடிச்சைப் பதறிப்போய் இரண்டு தடவை போட்டதைச் சொன்னீர்கள். போய் வந்தவள் சொல்ல, இருந்தவள் கேட்க, அந்த வேளையில் கை அது பாட்டுக்குப் பறித்துக்கொண்டிருக்கும். கேட்டு முடித்ததும் அடுத்த பாத்திக்கு நகர்வோம். "செயிலுக்குப் போனவனுக்குக்கூட இன்ன தேதின்னு சொல்லி உட்டுருவாங்க" என்று நீங்கள் முணுமுணுத்தது எனக்குக் கேட்கும்.

நமக்கும் ஒரு தேதி இருந்தது. நாலாவது வருஷம் பூ சிறுத்துவிடும், கிழங்கைத் தோண்டித்தான் ஆக வேண்டும். தண்ணீரை நிறுத்தி, இலை பழுத்த பிறகு மண்வெட்டி போட்டால், ஒன்று நட்ட குழியில் இருபது முப்பது ஒட்டிக்கொண்டு வரும். மண்ணை உதறி, வேரைக் கிள்ளி, நிழலில் பரப்பி ஒரு மாதம் தூங்க விட வேண்டும். பூத்து முடிந்த தாய்க்கிழங்கு மறுபடி பூக்காது, அதன் பக்கத்தில் பிறந்ததுதான் பூக்கும். இது தெரியாமல் முதல் தடவை பெரிசு பெரிசாகத் தாய்க்கிழங்கையே பொறுக்கி நட்டுவிட்டு, மூன்று மாதம் இலையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோமே! ஒவ்வொரு தடவை தோண்டும்போதும் "இத்தோட போதும்" என்று சொல்லிக்கொள்வோம். அப்புறம் தூங்கி எழுந்த கிழங்கு முனையில் பச்சை காட்டும். முளை விட்டதைத் தூக்கி எறிய எந்தக் குடியானவள் கைக்கு வரும்? நட்டுவிடுவோம்.

மூன்றாவது தடவை தோண்டினபோதுதான் சுதா உங்களைக் கூப்பிட்டாள். மாப்பிள்ளைக்கு ஷிப்ட் வேலை, இவளுக்கும் கம்பெனி வேலை, குழந்தைக்கு ஒரு வயது. "நீ வந்து இருந்தீன்னா நான் வேலைக்குப் போவேம்மா. இல்லாட்டி உட்டுப்போட வேண்டியதுதான்" என்று போனில் அழுதாள். நீங்கள் யோசிக்கவே இல்லை. "இந்தத் தடவை கெழங்கு பூராத்தையும் வித்துப்போடலாம். மரவள்ளிக் குச்சியை நட்டுட்டாப் பத்து மாசம் அது பாட்டுக்குக் கெடக்கும். நீயும் வா சாமி. ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸுல போலாம். ஒரு மாசம் இருந்துட்டு நீ வந்துரு" என்றீர்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை சேலம் போய் ஒரு மெரூன் ஸ்வெட்டர் வாங்கி வந்தீர்கள். ஓசூர் குளிருமாம். வைகாசி வெயிலில், முன்கூடத்து ஆசாரத்தில் நின்று அதை மாட்டிக் காட்டினீர்கள். வேர்த்து ஊற்றியது. கழற்றும்போது கொண்டையில் மாட்டிக்கொண்டு தலை வெளியே வரவில்லை. உள்ளேயிருந்து "இழுடி, இழுடி" என்று கத்தினீர்கள். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அந்தச் சிரிப்பு ஓய்ந்த இடத்தில்தான் எனக்குப் பயம் பிடித்தது.

நீ வந்துரு என்று சொன்னீர்களே, எதற்கு வருவேன்? புருஷன் வடக்கே இருப்பார். மரவள்ளி அது பாட்டுக்குக் கிடக்கும். நானும் என் பாட்டுக்கு இந்த வீட்டில் கிடக்க வேண்டும். எதிர்ப் பாத்தியில் யாரும் இருக்க மாட்டார்கள். சுதாவும் நீங்களும் குழந்தையும் ஒரு வீட்டில் இருக்க, நான் நோம்பி நாளில் மட்டும் பலகாரத்தோடு போய் வருகிற ஆளாகிவிடுவேன். இதையெல்லாம் உங்களிடம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் என்னைத் திட்டிவிட்டு ஏதாவது வழி பார்த்திருப்பீர்கள். எனக்கு ரோஷம். போகாதீர்கள் என்று கேட்க வாய் வரவில்லை. போக முடியாமல் செய்துவிடக் கை வந்தது.

தரம் பிரிக்கும்போது கட்டைவிரல் பருமனாக, முனை கெடாமல் இருந்ததையெல்லாம் தனியே ஒதுக்கினேன். இரண்டு மூட்டை வந்தது. நீங்கள் குளிக்கப் போன நேரத்தில் அதை மோட்டார் ரூமில் பரண் மாதிரி இருக்கும் அட்டாலியில் ஏற்றி, மேலே பழைய சொட்டுநீர்க் குழாய்ச் சுருளைப் போட்டு மூடினேன். இரண்டு நாளில் கிழங்கு வியாபாரி வண்டியோடு வந்து மற்றதையெல்லாம் அள்ளிக்கொண்டு போனார். நிலத்தை மரவள்ளிக்கு என்று உழுது, மண்ணை மேடாக அணைத்துப் பார் கட்டினோம். நடுவில் ஜலகண்டாபுரத்தில் உங்கள் அத்தை வீட்டுக் கல்யாணம் வந்தது. நீங்கள் போகும் முறை. எப்போதும் ஒரு நாளில் திரும்பிவிடுகிற ஆள், "மூணு நாள் இருந்துட்டு வாரேன்" என்று கிளம்பினீர்கள். தெய்வமே வழி விட்டது என்று நினைத்தேன்.

இரண்டு ஆள் விட்டு இரண்டே நாளில் நட்டு முடித்தேன். இரண்டு மூட்டைக்கு நிலத்தில் ஒரு மூலைதான் நிறைந்தது. ஆனால் இரண்டு பேரைக் கட்டிப்போட அது போதும். கால் ஏக்கர் பூத்தாலும் விடியற்காலையில் எழுந்துதான் பறிக்க வேண்டும்.

மூன்றாம் நாள் மதியம் நீங்கள் பஸ் இறங்கி வந்தீர்கள். வீட்டுக்குள் போகவில்லை. பையைக் கையில் வைத்துக்கொண்டே வரப்பில் நின்று பார்த்தீர்கள். நான் தயார் செய்து வைத்திருந்த பொய்யைச் சொன்னேன். "வியாபாரி ரெண்டு மூட்டையைக் கழிச்சுத் திருப்பி அனுப்பிட்டாருங்க்கா. மொளை உட்டிருச்சு. வீணாப் போகுதேன்னு நட்டுட்டேன்." நீங்கள் பச்சைப் பட்டோடு பாரில் குனிந்து, விரலால் மண்ணைத் தள்ளி ஒரு கிழங்கை எடுத்தீர்கள். திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். கழித்த கிழங்கு அப்படியா இருக்கும்? அது எனக்கும் அப்போதுதான் உறைத்தது.

"ஏஞ்சாமி, இத்தனை ஆழத்துலயா வெப்பாங்க?" என்றீர்கள். "மூச்சு முட்டிச் செத்துப்போயிரும். ரெண்டு விரல் மண்ணு மேல இருந்தாப் பத்தாதா?"

அவ்வளவுதான். புடவையை மாற்றிக்கொண்டு வந்து, நான் நட்ட அத்தனையையும் எடுத்து மேலாக நட்டீர்கள். நானும் எதிர்ப் பாரில் உட்கார்ந்து நட்டேன். வழக்கம்போலக் கல்யாணக் கதையைச் சொல்லிக்கொண்டே நட்டீர்கள். சாம்பாரில் உப்பு அதிகம், பெண் குள்ளம் என்று ஏதேதோ சொன்னீர்கள். மறுநாள் சுதாவுக்குப் போன் போட்டீர்கள். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். "இந்தத் தடவை ஆகாது சாமி. பூ வெச்சுட்டோம்" என்றீர்கள்.

'வெச்சுட்டோம்' என்றீர்கள். 'வெச்சுட்டா' என்று சொல்லவில்லை. அந்தப் பக்கம் சுதா என்ன சொன்னாளோ, போனை வைத்ததும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டீர்கள். அவள் வேலையை விட்டாள். இரண்டு வருஷம் வீட்டில் இருந்து குழந்தையைப் பார்த்துக்கொண்டாள். தீபாவளிக்கு வந்தால் உங்களிடம் நாலு வார்த்தை, என்னிடம் நாற்பது வார்த்தை. சின்னம்மா சின்னம்மா என்று என் பின்னாலேயே சுற்றினாள். நான் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தக் குழந்தை உங்கள் மடிக்கு வராமல் என் மடிக்கு வந்ததையும் நான் தள்ளவில்லை. இதை எழுதும்போது கூசுகிறது. ஆனால் நடந்தது அதுதான்.

போன வருஷம் மாசியில் உங்களுக்கு மூன்று நாள் காய்ச்சல். நான்காம் நாள் மூச்சு வாங்கியது. ஆம்புலன்ஸ் வந்தது. சுதா ஓசூரிலிருந்து நேராக சேலம் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவதாகச் சொன்னாள். நானும் வண்டியில் ஏறக் காலை வைத்தேன். ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டே என் கையைத் தட்டிவிட்டீர்கள். "ஒருத்தி போனா ஒருத்தி இருக்கோணும்" என்றீர்கள். நானும் இருந்துவிட்டேன். என்னைப் போல ஒரு முட்டாள் உண்டா அக்கா? மறுநாள் காலை நான் பறித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கையில் இருந்த மொட்டுகளைக் கூடையில் போட்டேனா கீழே போட்டேனா என்று நினைவில்லை.

அன்று பாதித் தோட்டம் பறிக்காமல் நின்றுவிட்டது. உங்களைக் கொண்டுவந்து ஆசாரத்தில் கிடத்தியபோது பொழுது சாய்ந்துவிட்டது. வெளியே வந்து பார்த்தேன், மீதி அத்தனையும் விரிந்து வெள்ளையாக நின்றது. எத்தனை வருஷம் அதைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறோம், சம்பங்கித் தோட்டம் பூத்திருப்பதை நான் அன்றுதான் முதல்முறை பார்த்தேன். நீங்கள் பார்க்கவே இல்லை. மொட்டிலேயே பறிக்கிறவர்களுக்கு அது எங்கே தெரியும்? வாசம் வீட்டுக்குள் வந்து அடைத்துக்கொண்டது. சுதா உங்கள் தலைமாட்டில் உட்கார்ந்து முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "இந்த வாசத்தை நிறுத்துங்க சின்னம்மா" என்று அழுதாள்.

காரியம் முடிந்து உங்கள் பெட்டியைத் திறந்தபோது பச்சைப் பட்டுக்கு அடியில் அந்த ஸ்வெட்டர் இருந்தது. அன்று மாட்டிக் கழற்றியதோடு சரி, கடைக்காரன் கட்டிய விலை அட்டைகூடப் பிரியவில்லை. நான் அதை எடுத்து என் பெட்டியில் வைத்துக்கொண்டேன். சுதா பார்த்துவிடக் கூடாது என்றுதான்.

அதற்குப் பிறகும் ஒரு வருஷம் நீங்கள் இல்லாமல் பறித்தேன். உங்கள் கொழுந்தனார் ரிக் வேலையை விட்டுவிட்டு வந்து வீட்டில் இருக்கிறார். கம்ப்ரசர் சத்தத்தில் காது போய்விட்டது. எதிர்ப் பாத்தியில் நின்று பறிப்பார், ஆனால் பேசினால் கேட்காது. ஒரு நாளாவது எங்காவது போய் வா என்று ஜாடையில் சொல்வார். எங்கே போவது? போய் வந்தால் யாருக்குச் சொல்வது?

இந்த வைகாசியில் நாலாம் வருஷம் முடிந்தது. தோண்டினோம். பரப்பினோம். பிரித்தோம். முந்தாநாள் அதே வியாபாரி வந்தார். வண்டியில் எல்லாம் ஏற்றிவிட்டு, தண்ணீர் குடிக்க மோட்டார் ரூம் பக்கம் போனவர் மேலே நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "ஏனுங்கம்மா, இந்தத் தடவையும் ரெண்டு மூட்டையை அட்டாலியில ஏத்திப்போட்டீங்களா?" என்றார்.

ஆமாம் அக்கா. மறுபடியும் ஏற்றியிருந்தேன். யாரைக் கட்டிப்போட என்று கேட்காதீர்கள். கைக்குப் பழகிவிட்டது.

"இந்தத் தடவையும்னா? போன தடவை நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"பாக்காம என்னங்க? கொழாய்ச் சுருளுக்கு அடியில சாக்கு தெரிஞ்சுது. பெரியம்மாகிட்டக் கேட்டேன். 'அது என் தங்கச்சி எடுத்து வெச்சிருக்கறா, இருக்கட்டும், அதைத் தொடாதீங்க'ன்னாங்க. தங்கமான கெழங்கு. உங்களுக்குத் தெரியாதுங்களா?"

எனக்குத் தெரியாது. அவர் வண்டியை எடுக்காமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அங்கேயே மோட்டார் தொட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன்.

அப்படியானால் கல்யாணத்துக்குக் கிளம்பும்போதே உங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் மூன்று நாள் என்று சொன்னீர்கள். எதற்காக? மூன்று நாள் தனியாக இருந்தால் இவளுக்குப் புத்தி வந்து, மூட்டையை இறக்கி வியாபாரிக்கே கொடுத்துவிடுவாள் என்று காத்திருந்தீர்களா? இல்லை, நட்டால் நட்டுக்கொள்ளட்டும், இவளை எப்படித் தனியே விடுவது என்று நீங்களே முடிவு செய்துவிட்டுப் போனீர்களா? இரண்டாவதை நம்பினால் எனக்கு நிம்மதி. அதனாலேயே அதை என்னால் நம்ப முடியவில்லை. இஷ்டப்பட்டு இருக்கிறவள் அட்டை பிரிக்காத ஸ்வெட்டரைப் பட்டுக்கு அடியில் பத்திரப்படுத்த மாட்டாள். அன்று வரப்பில் பையை வைக்காமல் நின்றீர்களே, அந்த நிற்பை நான்கு வருஷமாக நான் தப்பாகப் படித்திருக்கிறேன். ஏமாந்துபோய் நிற்கிறீர்கள் என்று நினைத்தேன். நான் உண்மையைச் சொல்வேனா என்று நீங்கள் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறீர்கள்.

திட்டியிருக்கலாமே அக்கா. ஒரு தடவை, எதிர்ப் பாத்தியிலிருந்து, பேச்சோடு பேச்சாக, "அட்டாலியில வெச்சது எனக்குத் தெரியும்டி" என்று சொல்லியிருக்கலாமே. நான் காலில் விழுந்திருப்பேன். உங்களை அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிட்டிருப்பேன். இப்போது யார் காலில் விழுவது?

சுதாவின் காலில்தான். ஆனால் சொன்னால் அவளும் போய்விடுவாள். எனக்கு என்று மிச்சம் இருப்பது அவள் ஒருத்திதான், மாதம் இரண்டு போன், தீபாவளிக்கு நாலு நாள். சொல்லாவிட்டால் அவள் கடைசிவரை உங்களைத்தான் கோபித்துக்கொண்டிருப்பாள். தினமும் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே கோபித்துக்கொள்வாள். நேற்றிலிருந்து இந்த இரண்டுக்கும் நடுவில் செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

இன்று காலை அட்டாலியிலிருந்து இரண்டு மூட்டையையும் இறக்கினேன். வியாபாரிக்குப் போன் செய்து எடுத்துப்போகச் சொல்லிவிட்டேன். மரவள்ளிக் குச்சிக்குச் சொல்லியாயிற்று. தோண்டின நிலத்தில் விடுபட்ட துண்டுகள் மரவள்ளிக்கு நடுவில் எழுந்து வரத்தான் செய்யும், சம்பங்கி ஒரே தடவையில் விட்டுப் போகிற செடி இல்லை. வந்தால் வரட்டும், பூத்தால் பூக்கட்டும். இந்தத் தடவை பறிக்காமல் விரிய விட்டுப் பார்க்கப்போகிறேன்.

சுதாவுக்கு எடுத்த பத்தும் பக்கத்தில் பிறந்த கிழங்குகள்தான், தாய்க்கிழங்கு ஒன்றும் இல்லை. தொட்டியில் செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கின எரு ஒரு பங்கு போடச் சொல்ல வேண்டும். முளை தெரியும்வரை தண்ணீரை அள்ளி ஊற்றக் கூடாது, அழுகிவிடும். வெயில் நன்றாக விழ வேண்டும். பூத்து முடிந்த தண்டை அடியோடு நறுக்கிவிட வேண்டும். ஆழமாக வைக்கக் கூடாது. மேலே இரண்டு விரல் மண் இருந்தால் போதும்.

நாளைக் காலை சேலம் போய் ஓசூர் பஸ் ஏறுகிறேன். தோட்டத்தில் பூ இல்லை, அதனால் இருக்க ஒருத்தி தேவையில்லை. பச்சைப் பட்டைக் கட்டிக்கொள்கிறேன். திரும்பி வந்ததும் அதைக் கேட்டு வாங்கிக் கட்ட யாரும் இல்லை என்பது ஒன்றுதான் கஷ்டமாக இருக்கிறது. சுதா கதவைத் திறந்ததும் வாயால் சொல்ல எனக்குத் தெம்பு வராது, என் தைரியம் உங்களுக்குத் தெரியும். பையை அவள் கையில் கொடுத்துவிட்டுப் படியில் நிற்பேன். பிரித்துப் பார்த்து, படித்து முடித்து, அவள் உள்ளே கூப்பிட்டால் போவேன். கூப்பிடாவிட்டால் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன். நீங்கள் வரப்பில் பையோடு நின்ற நேரம் அளவாவது நானும் நிற்க வேண்டும்.

பையின் அடியில் கிழங்கு. அதன் மேல் உங்கள் ஸ்வெட்டர், அட்டையைப் பிரிக்கவில்லை. இந்தக் கடிதத்தை எல்லாவற்றுக்கும் மேலே வைத்திருக்கிறேன் அக்கா, திறந்த உடனே தெரியும்படி.